இடது ஸ்பீக்கருக்குப் போகும் வயர்

எங்கள் வீட்டு ஹால் சுவரை நான் இரண்டு தடவை உடைத்திருக்கிறேன். முதல் தடவை, ஸ்பீக்கர் வயரை உள்ளே வைப்பதற்காக. இரண்டாம் தடவை, உள்ளே வைத்த வயரின் மேல் சந்தேகப்பட்டு.

வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு நானும் மனைவியும் மட்டும்தான். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு பாகம் சரியா இல்லையா என்று அளந்து பார்த்துச் சொல்வது வேலை. பெரும்பாலும் சரியில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். மனைவி சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருந்தது.

ரிட்டயர் ஆனதும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஹோம் தியேட்டர் வைக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. ஆனால் நிறையப் பேரிடம் சொல்லிவிட்டபடியால் பிறகு வைக்காமல் இருக்க முடியவில்லை.

மனைவி மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். தரையிலோ சுவரிலோ ஒரு வயர்கூடக் கண்ணில் படக் கூடாது. அவள் வேலை பார்க்கும் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை வயர் தடுக்கி ஒரு டீச்சர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாராம். நியாயமான நிபந்தனை. வயர் சுவருக்குள் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

எந்த வயர் என்று முடிவு செய்ய எனக்கு மூன்று மாதம் ஆனது. இன்டர்நெட்டில் இதைப் பற்றிச் சண்டை போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே சுவர் என்பது இரண்டு அட்டை, நடுவில் காலி இடம். மேலே ஓட்டை போட்டு வயரை விட்டால் கீழே வந்து விழுந்துவிடும். சுவருக்குள் தீப்பிடிக்காமல் இருக்க அதற்கென்று தனி உறை போட்ட வயர் வாங்க வேண்டும் என்று அவர்கள் அடித்துக்கொண்டார்கள். எங்கள் சுவர் ஒன்பது அங்குல செங்கல். அதற்குள் எதுவும் தானாகப் போய் விழாது. நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பிவிசி பைப்பைப் பதித்து, அதற்குள்தான் வயரை இழுக்க வேண்டும். மூன்று மாதம் படித்ததில் எனக்குப் பயன்பட்டது இரண்டு விஷயம். தூரம் அதிகமானால் வயர் தடிமனாக இருக்க வேண்டும். வயர் முழுக்கச் செம்பாக இருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் வைக்க இடம் இருந்தது டிவிக்கு வலது பக்க மூலையில்தான். ஆகவே வலது ஸ்பீக்கர்களுக்கு வயர் போவது சுலபம். இடது பக்க ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும், முன்னால் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் ஒன்று, வயர் டிவிக்குக் கீழே குறுக்காகப் போய், இடது சுவரில் ஏறி, பால்கனிக் கதவைச் சுற்றிப் போக வேண்டும். கடைசி ஸ்பீக்கர் வரை பதினாலு மீட்டர் வந்தது. டேப் வைத்து மூன்று தடவை அளந்தேன்.

கேம்ப் ரோடில் ஒரு கடையில் சுத்தச் செம்பு என்று ஒரு சுருளை எடுத்துப் போட்டார்கள். கையில் எடுத்ததும் எடை இடித்தது. இவ்வளவு தடிமனான செம்பு இவ்வளவு லேசாக இருக்காது. பேனாக் கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியம். மேலே செம்பு முலாம். கடைக்காரரிடம் காட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “வெளியில காப்பர்தானே சார்?” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பல்லாவரத்தில் வேறொரு கடையில் உண்மையான செம்பு கிடைத்தது. சுருளை ஸ்கூட்டரின் முன்னால் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, சிமென்ட் மூட்டை கொண்டுவருகிற மாதிரி மெதுவாக வந்து சேர்ந்தேன்.

எலக்ட்ரீஷியனும் பல்லாவரம்தான். நாற்பது வயது இருக்கும். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார், மனைவியை அக்கா என்பார். எங்கள் வீட்டு மின்சார வேலை எல்லாவற்றையும் பத்து வருஷமாக அவர்தான் செய்கிறார். அதிகம் பேச மாட்டார். சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்வார்.

வேலை மூன்று நாள் நடந்தது. முதல் நாள் கட்டிங் மெஷினால் காடி வெட்டினார். வீடு முழுக்கச் சிவப்புத் தூசி. மூடி வைத்த பருப்பு டப்பாவுக்குள்கூடப் போயிருந்தது. ஏற்கெனவே சுவரில் இருக்கிற கரண்ட் பைப்பிலேயே வயரையும் விட்டுவிடலாமே, வெட்டு குறையுமே என்று நான் கேட்டபோது மறுத்துவிட்டார்.

“ஸ்பீக்கர் லைனும் கரண்ட் லைனும் ஒண்ணா போச்சுன்னா கொர்ருன்னு சவுண்டு வந்துகினே இருக்கும் சார். ஒரு அடியாச்சும் தள்ளிப் போவணும்.”

அதுவும் நான் படித்ததுதான். அவருக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன்.

இரண்டாம் நாள் வயர் இழுத்தார். பைப்புக்குள் ஜி.ஐ. கம்பியை விட்டு, அதன் முனையில் வயரைக் கட்டி, முகப் பவுடரைத் தடவி, ஒரு பக்கம் நான் தள்ள, மறுபக்கம் ஏணி மேல் நின்று அவர் இழுத்தார். நடுவில் ஒரு தடவை என்ன காரணமோ அவரே இறங்கி வந்து, என் பக்கத்தில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பேசாமல் திரும்ப ஏறினார். கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனே என்று நினைத்தேன்.

கடைசியில் ஸ்பீக்கர்களைத் தரையில் வைத்துத் தற்காலிகமாக இணைத்து, ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். தொட்டதும் அடுத்த முனையில் ஸ்பீக்கரின் கூம்பு டப் என்று வெளியே தள்ளியது. உள்ளே இழுத்தால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாமே வெளியே தள்ளின. மூன்றாம் நாள் கொத்தனார் வந்து பூசினார். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு பார்த்தால் சுவருக்குள் ஒன்று இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மனைவி கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்தி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பீக்கர்களை மாட்டி, சோபாவின் நடுவில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் சத்தம் குறைவாக இருந்தது.

இந்த மாதிரி சமயத்துக்கு ஆம்ப்ளிஃபயரோடு ஒரு சின்ன மைக் கொடுக்கிறார்கள். உட்காரும் இடத்தில் அதை வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கராக அளந்து சரிசெய்துகொள்ளும். வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று காட்டியது. மைக் பழுது என்று முடிவு செய்து, இடது பக்கத்தைக் கையால் கூட்டினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். மனைவி சோபாவின் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். கொஞ்ச நாளில் அங்கிருந்து எழுந்து சாப்பாட்டு மேஜைக்குப் போய் நோட்டுத் திருத்த ஆரம்பித்தாள். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு முறைப்படி சோதித்தேன். தொழிற்சாலையில் ஒரு குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்ப்போம். இடது ஸ்பீக்கர்களைக் கழற்றி வலது பக்கமும், வலதை இடது பக்கமும் மாட்டினேன். அப்போதும் இடது பக்கம்தான் குறைவு. ஆகவே ஸ்பீக்கரில் குறை இல்லை. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இணைப்புகளை இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான். ஆகவே ஆம்ப்ளிஃபயரில் குறை இல்லை. மிச்சம் இருப்பது வயர். அதுவும் பதினாலு மீட்டர், பால்கனிக் கதவைச் சுற்றி, ஏரி ஈரம் ஏறுகிற சுவரில். எங்கோ வளைவில் இழுக்கும்போது இழைகள் அறுந்திருக்கின்றன என்று தீர்மானித்தேன். முப்பது வருஷ அனுபவத்தில் இதைவிடச் சுத்தமாக நான் ஒரு குறையைக் கண்டுபிடித்தது கிடையாது.

பாயை வரச் சொன்னேன். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வயர் சரியாக இருக்கிறது என்றார். மீட்டர் தொடர்பு இருக்கிறதா என்றுதான் சொல்லும், எத்தனை இழை மிச்சம் என்று சொல்லாது என்றேன். சுவரை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னேன். அவர் மீட்டரைப் பைக்குள் வைத்தார்.

“ஒடைக்கிறது ஒண்ணும் இல்ல சார். திரும்பப் பழையபடி ஆக்குறதுதான் பேஜாரு,” என்றார்.

உடைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். பால்கனிக் கதவுக்கு மேலே வளைவில் மூன்று அடிக்குப் பைப்பைத் திறந்து வயரை வெளியே எடுத்தார். வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பவுடர் வாசனைகூடப் போகவில்லை.

அவர் மிச்சமிருந்த சுருளை எடுத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து தரையோடு நேராக இடது ஸ்பீக்கருக்கு ஒரு தனி வயர் இழுத்து மாட்டினார். நான் கூட்டி வைத்த அளவையெல்லாம் பழையபடி சைபருக்குக் கொண்டுவந்தார். போடச் சொன்னார். சோபாவில் உட்கார்ந்து கேட்டேன். அப்போதும் இடது குறைவாகத்தான் இருந்தது. அந்தச் சுருளே சரியில்லையோ என்று தோன்றியது. அதையும் சொன்னேன்.

பாய் என்னை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்து கேட்டார். மேலே ஒரு விமானம் போனது. அது தாண்டும் வரை காத்திருந்து மறுபடி கேட்டார். பிறகு சமையலறையைப் பார்த்து, “அக்கா, ஒரு நிமிஷம் வந்து கேளுங்க,” என்றார். மனைவி வந்து உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, இவ்வளவு நாளாக இடது பக்கம்தான் காதைக் கிழித்தது, இன்றைக்குத்தான் உட்காரும்படி இருக்கிறது என்றாள்.

பாய் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சோபாவுக்கு முன்னால் போட்டார். டிவிக்கு முதுகைக் காட்டியபடி.

“இதுல திரும்பி உக்காருங்க சார்.”

எதற்கு என்று கேட்டேன். உட்காருங்கள் என்று மறுபடி சொன்னார். உட்கார்ந்தேன். எதிரே சோபாவில் மனைவி இருந்தாள். அவர் அதே பாட்டை மறுபடி போட்டார்.

இப்போது இடது ஸ்பீக்கர்கள் என் வலது பக்கம் இருந்தன. கணீரென்று கேட்டன. பேசாமல் போயிருந்தவை வலது பக்கத்து ஸ்பீக்கர்கள். இதுவரை ஒரு குறையும் சொல்லப்படாதவை.

நான் எழுந்து டிவியைப் பார்த்து உட்கார்ந்தேன். பிறகு மறுபடி திரும்பி உட்கார்ந்தேன். நான்கு தடவை அப்படிச் செய்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள். குறை என் கூடவே திரும்பிக்கொண்டிருந்தது. நான் மாற்றிப் பார்க்காத பொருள் ஒன்றுதான் மிச்சம் இருந்திருக்கிறது.

பாய் பாட்டை நிறுத்தினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். அன்னிக்கு ஏணி மேல இருந்து நாலு தபா கூப்ட்டேன், பிளேயர் எடுத்துக் குடுங்கன்னு. நீங்க திரும்பவே இல்ல. எம் மேல இன்னாவோ கோவம்னு நெனச்சுகினேன்,” என்றார்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே புரியவில்லை. கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. ரொம்ப நாளாக விடை தப்பாக வந்துகொண்டிருந்த ஒரு கணக்கில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

“உங்களுக்குக் கேக்கவே இல்லையா?” என்றாள். “உங்களுக்குப் பதில் சொல்ல இஷ்டம் இல்லைன்னு நான் நெனச்சேன்.”

பாய் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். சுவரை அடுத்த வாரம் வந்து மூடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாம்பரத்தில் காது டாக்டரிடம் போனோம். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காது முடிந்தது. இடது காதுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் கண்ணாடிக்கு வெளியே கருவியை இயக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாதி முடிந்திருந்தது.

டாக்டர் அம்மா கிராஃபைக் காட்டினார். வலது காதின் கோடு வயசுக்குத் தகுந்தபடி இருந்தது. இடது காதின் கோடு கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு, பிறகு மலையிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கியது. இது பல வருஷமாக மெல்ல மெல்ல நடந்திருக்கும், ஒரு காது நன்றாக இருந்தால் மற்றது போவது ஆளுக்கே தெரியாது என்றார். போனை எந்தக் காதில் வைப்பீர்கள் என்று கேட்டார். வலது. எப்போதிலிருந்து என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் இப்படி இறங்கியிருந்தால் நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் பயந்தேன். மனைவி பள்ளிக்கு லீவு போட்டாள். நான் வேண்டாம் என்றேன், அவள் போகவில்லை. உடைத்த சுவர் அப்படியே திறந்து கிடந்தது. பைப்பிலிருந்து எடுத்த வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வயர் கண்ணில் படுவதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் பாய் போன் செய்தார். ஸ்கேன் எடுத்ததை மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். கொத்தனாரை எப்போது அழைத்துவரட்டும் என்று கேட்பதாகச் சொன்னார். உண்மையில் அவர் கேட்க நினைத்தது அதில்லை என்று எனக்குத் தெரிந்தது. ரிப்போர்ட் வரட்டும் என்றேன். “துவா பண்றேன் சார்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கட்டி இல்லை. நரம்பு தேய்ந்திருக்கிறது, காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது, மெஷின் வைத்துக்கொண்டால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மனைவி பக்கத்துக் கடையில் இரண்டு ஃபில்டர் காபி சொன்னாள்.

சுவரை மூடிய அன்று பாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். நான் உங்கள் வேலையைச் சந்தேகப்பட்டேன் என்றேன். சுவர் என்று ஒன்று இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு, பெயின்ட் டப்பாவின் நம்பரைக் கேட்டார். அதே நம்பர்தான் வாங்கி அடித்தோம். ஆனாலும் பால்கனிக் கதவுக்கு மேலே மூன்று அடிக்கு நிறம் லேசாக வேறு மாதிரி இருக்கிறது.

காது மெஷின் பொருத்தி வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். மேஜையில் அவள் எப்போதும் என் இடது பக்கம் உட்காருவாள். மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அவள் ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்த சத்தத்துக்குக்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

“ரெண்டு வருஷம் முன்னாடி ஹெச்.எம். போஸ்ட் பத்திக் கேட்டேனே. அது கேட்டுச்சா?” என்றாள்.

“எந்த போஸ்ட்?”

அவள் ரசப் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். கேம்ப் ரோடில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். அவள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து என் இடது தோள் பக்கமாகத்தான் பேசுவாள். தலைமை ஆசிரியையாக இருக்கச் சொல்கிறார்கள், பொறுப்பு அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நான் “ம்” என்றேனாம். மறுநாள் அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் அவளைவிட ஒன்பது வயது சின்னவர்.

“நீங்க ஏத்துக்கச் சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன்,” என்றாள்.

“நான் ஏத்துக்கத்தான் சொல்லியிருப்பேன்.”

“இப்பத் தெரியுது.”

என் தட்டில் ரசம் ஆறிப்போயிருந்தது. வேறு என்னவெல்லாம் கேட்டாய் என்று அவளிடம் கேட்டேன். எல்லாம் ஞாபகம் இல்லை என்றாள். ஆனால் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் தங்கை வீட்டு விஷயம் ஒன்று. எதிர்வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போனது, அது எனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று தெரியாது. மகள் ஒரு தடவை போனில் அழுதது. பாதிக்குமேல் நான் ஏற்கெனவே “ம்” சொன்ன விஷயங்கள். சாயங்காலம் டீ போடும் வரை பேசினாள். அன்றைக்குப் படம் எதுவும் போடவில்லை.

கடைசியாக அவள் சொன்னது மாடித் தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்பது. ஆவணி மாதமே சொல்லியிருக்கிறாள். நான் பார்க்கிறேன் என்கிற அர்த்தத்தில் தலையாட்டியிருக்கிறேன். மேலே போய்ப் பார்த்தேன். தொட்டியின் கீழே பாசி பிடித்து ஒரு சின்னச் செடியே முளைத்திருந்தது. பாய்க்குப் போன் செய்து நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா என்று கேட்டேன். ஒருவரை அனுப்புகிறேன் என்றார்.